உள்ளே எத்தனை பேர்

கிறீச். ஒரே ஒரு தடவை. மெரினுடைய மஞ்சள் ஸ்வெட்டர் கையில் இருக்கிறது, மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை, அப்படியே நிற்கிறேன். மணி ஏழுகூட ஆகவில்லை, ஆனால் டிசம்பரில் இந்த மலைமேல் ஆறு மணிக்கே வெளிச்சம் தீர்ந்துபோகும், பனிமூட்டம் வந்து ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன சத்தம் அது. ஈரக் கண்ணாடியில் யாரோ விரலை அழுத்தி இழுத்த மாதிரி. எலியா. எலி சுரண்டும், இப்படி ஒற்றையாகக் கத்திவிட்டு நிறுத்தாது. காட்டெருமையாக இருக்கும். போன மாதம் ஒன்று வந்து பின்சுவரில் கொம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, இவர் எழுந்துபோய்த் தகரத்தைத் தட்டி, "போ தாயி, இது ஆபீஸ் குவார்ட்டர்ஸ், செவுரு பேந்தா நாங்கல்ல எழுதிக் குடுக்கணும்" என்று அதனிடம் நியாயம் பேசி அனுப்பினார், நான் போர்வைக்குள் சிரித்துக் கிடந்தேன். ஆனால் இந்தச் சத்தம் சுவருக்கு வெளியே இல்லை. வீட்டுக்குள்ளே. வீட்டுக்குள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. இவரைக் காலையிலிருந்து ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே விடவில்லை. மெரின் நாலு நாளாகக் கீழே மேட்டுப்பாளையத்தில், ரோஸ்லின் அக்கா வீட்டில். கிறீச். மறுபடியும். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. சமையலறை. போய்ப் பார், எமல்டா, உனக்கு இருபத்தாறு வயது, ஒரு பிள்ளை பெற்றவள். ஸ்வெட்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போகிறேன். ட்யூப் லைட் ரெண்டு தடவை இமைத்துவிட்டு எரிகிறது. கேஸ் அடுப்பு, குடம், ஆணியில் தொங்கும் வடிகட்டி, எல்லாம் அததன் இடத்தில். மேடைக்குக் கீழே தெர்மகோல் பெட்டி. காலையில் நான் அழுத்தி மூடிய மூடி ஒரு பக்கம் விரல்கடை அளவு தூக்கி நிற்கிறது, நான் பார்க்கப் பார்க்க அது இன்னும் கொஞ்சம் எழும்பி, கிறீச். உள்ளேயிருந்து எதுவோ தள்ளுகிறது. மாவு. ஐயோ, மாவுதான். பொங்கிப்போய் பாத்திரத்து மேல்தட்டைத் தள்ளி, தட்டு மூடியைத் தள்ளி. சிரிக்கப் பார்க்கிறேன். உயிருள்ள ஒன்று அந்தப் பெட்டிக்குள் வளர்கிறது, நான்தான் கதகதப்பாக இருக்கட்டும் என்று பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வேறு வைத்தேன்.

இந்த வரிசையில் எட்டு வீடு, எட்டு சமையலறையிலும் ஒரு பெட்டி உண்டு. மருந்தும் பரிசோதனை மாதிரியும் ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு வருகிற பெட்டிகள். இந்தக் குளிரில் மாவு ரெண்டு நாளானாலும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், பெட்டிக்குள் வைத்தால் ஒரே பகலில் பொங்கும், கல்யாணமாகி வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொடுத்த வித்தை இது. தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. எரிக்கப் போகிற பெட்டிதானே. சிவப்பு டேப் குறுக்கே ஒட்டியிருந்தால் அது கொடிய கிருமிகளை வைத்திருக்கிற மூன்றாம் கட்டடத்துப் பெட்டி, அதைத் தொடக்கூடாது, அப்படியே எரிஉலைக்குள் போகணும், டேப் இல்லாதது நம்முடையது. இவ்வளவுதான் சட்டம், குழந்தைக்கும் புரியும். என் பழைய பெட்டியின் மூடி போன வாரம் உடைந்தது. "நல்லதாப் பாத்து ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று நான்தான் சொன்னேன். அதை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளணும், நான்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இவர் மழைக்கோட்டுக்கு அடியில் அணைத்துக்கொண்டு வந்து, "ராணிக்கு சிம்மாசனம்" என்று தரையில் வைத்தார். புதுசு மாதிரி இருந்தது. டேப் இல்லை. அடியில் ஒரு மூலையில் மட்டும் டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு கறை, என் ரெண்டு விரல் அகலம். டெட்டால் போட்டுக் கழுவி ரெண்டு நாள் வெயிலில் வைத்துத்தான் எடுக்கணும், எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். வெயில் எங்கே இருக்கிறது. மூணு நாளாகச் சூரியனையே காணோம். ஈரத்துணியால் துடைத்தேன். கறை முழுக்கப் போகவில்லை, நகத்தால் சுரண்டினேன். சுரண்டின நகத்தை முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தேன். எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கிற புத்தி எனக்கு, பால் பாட்டில், பிள்ளையின் உச்சந்தலை, இவருடைய சட்டைக் காலர். வாசனை ஒன்றும் இல்லை. அதுதான் நிம்மதியாக இருந்தது அப்போது.

சூசையண்ணன்தான் எரிஉலைக்கு ஆள். டேப்போடு போட்டால் உருகிக் கம்பியில் அப்பிக்கொள்கிறது, அப்புறம் சுரண்டிச் சுரண்டிக் கை போகிறது என்று, அவர் முதலில் எல்லாப் பெட்டியிலும் டேப்பை உரித்துவிட்டு அப்புறம் எரிப்பாராம். அது இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும், உரித்த கையோடு உள்ளே தள்ளிவிடுவார், பத்து வருஷமாக. திங்கட்கிழமை உரித்தார். உரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். டீ கசக்கிறது என்று ரெண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டாராம், அப்பவும் கசக்கிறது, டீக்காரனைத் திட்டினாராம், "என்னடா, பாலுக்குப் பதிலா வேப்பெண்ணெய ஊத்துறியா?" எல்லோரும் சிரித்தார்களாம். அப்படியே குளிர் நடுக்கம் வந்து வீட்டுக்குப் போனார். உரித்த பெட்டிகள் உரித்தபடி கிடந்தன. மறுநாள் அவர் வேலையை இவரைப் பார்க்கச் சொன்னார்கள், இவர் போய் எல்லாவற்றையும் எரித்தார், ஒன்றைத் தவிர. இன்று காலையில் சூசையண்ணன் போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது. கிறிஸ்துமஸுக்கு மெரினுக்கு ஒரு மரக்குதிரை செய்துதருகிறேன் என்று சொல்லியிருந்தார், நீளம் எவ்வளவு இருக்கணும் என்று கையால் அளந்து காட்டினார், அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது. முதலில் நாக்கு கசக்கும். இவர் போனில் சொன்னது அதுதான். முதலில் நாக்கு கசக்கும், அப்புறம் குளிர், அப்புறம் மூணு நாள்.

நாக்கு கசக்கிறது. மதியத்திலிருந்து கசக்கிறது. ஆனால் அது வேப்பிலை. கண்டிப்பாக வேப்பிலை. மெரினைப் பால் மறக்கடிக்கத்தானே அக்கா வீட்டுக்கு அனுப்பினது. பதினாலு மாசம் ஆகிவிட்டது, இன்னும் ராத்திரிக்கு மூணு தடவை, நான் எலும்பாகப் போய்விட்டேன். முதலில் இங்கேயே பார்த்தோம், வேப்பிலையை அரைத்துத் தடவினேன், அவள் ஒரு தடவை முகத்தைச் சுளித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள், என்னம்மா இது என்று கேட்கிற மாதிரி, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கசப்போடு சேர்த்துக் குடித்தாள். அழுதது நான்தான். "நீ கண்ணுல பட்டா அவ எப்படி மறப்பா? நாலு நாள் எங்கிட்ட விடு, நாய்க்குட்டியக் காட்டி மறக்கடிச்சுர்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அக்கா வந்து தூக்கிப் போனாள். பெட்டி வந்தது செவ்வாய். ஞாயிறு, திங்கள், செவ்வாய். விரலை மடித்து எண்ணுகிறேன், பத்தாவது தடவை எண்ணுகிறேன். அவள் போனதற்கு அப்புறம்தான் பெட்டி வந்தது. இந்த வீட்டில் சுத்தமானவள் அவள் ஒருத்திதான், ஏனென்றால் அவள் இங்கே இல்லை. இன்றைக்கு அக்கா அவளைக் கொண்டுவந்து விடுகிறாள் என்பதால் மதியமே வேப்பிலை அரைத்துத் தடவி வைத்தேன், வந்ததும் மடியில் ஏறினால் எனக்கு மனசு இளகிவிடுமே என்று. அரைத்த விரல் எதையெல்லாம் தொட்டிருக்கும். தம்ளரைத் தொட்டிருக்கும், உதட்டைத் தொட்டிருக்கும். அதனால்தான் கசப்பு. சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைக்கிறேன். இனிக்கிறது. இனிக்கிறது, மாதாவே, இனிக்கிறது. சர்க்கரை கரைந்து முடிந்ததும் அடியில் மெல்ல அந்தக் கசப்பு வந்து படுக்கிறது. எந்தக் கசப்பு. என் கசப்பா, சூசையண்ணன் கசப்பா. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பல் தேய்த்து, வாய் கொப்பளித்து மறுபடி ஒரு சிட்டிகை. இப்போது பேஸ்ட் ருசிதான் தெரிகிறது. எதுவும் தெரியவில்லை. நெற்றியில் புறங்கையை வைத்தால் சுடவில்லை, ஆனால் கையும் அதே உடம்பில் இருக்கிறது, சுடுகிற கைக்குச் சுடுகிற நெற்றி எப்படித் தெரியும். காலையில் மாவைக் கையால்தான் கலக்கினேன், கைச்சூடு பட்டால்தான் பொங்கும். உப்புப் பார்க்க விரலை நக்கினேன். பெட்டிக்குள் வைத்து, மூடி, மறுபடி திறந்து, பாட்டிலை நகர்த்தி, அந்தக் கறை இருந்த மூலையில் வைத்து. இன்றைக்கு மெரினுக்குப் பஞ்சு மாதிரி இட்லி, பாலுக்குப் பதிலாக இட்லி என்று பாடிக்கொண்டே வைத்தேன்.

நாலு மணிக்கு இவர் கூப்பிட்டார். ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள், பின்னால் யாரோ இருமுகிறார்கள், யாரோ "அமலதாஸ், சீக்கிரம்" என்கிறார்கள். "பயப்படாத எமல், எண்ணிப் பாக்குறாங்க, அவ்ளோதான், பெட்டிக் கணக்குல ஒண்ணு ஒதைக்குது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெட்டி எங்க?" அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன், நாலு மணியிலிருந்து அந்த இடத்திலேயே. "வெளியதான் கெடக்கு, வெயில் வரட்டும்னு வெச்சிருக்கேன்" என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. காயவைக்காமல் எடுத்தாயா என்று திட்டுவாரே என்ற பயம், வேறொன்றும் இல்லை, தினமும் சொல்கிற மாதிரி ஒரு சின்னப் பொய், பருப்பு தீய்ந்ததற்குச் சொல்கிற பொய். "தொடலல்ல?" "தொடல." அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. எவ்வளவு பெரிய மூச்சு. "அப்பச் சரி. தொடாத. கிட்டயே போகாத" என்றார், அப்புறம்தான் சூசையண்ணன் சங்கதி, நாக்குச் சங்கதி எல்லாம் சொன்னார், நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று கேட்டேன், என் கால் பெருவிரல் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐந்தரைக்கு ஜீப் வந்தது. போலியோ சொட்டு மருந்துக்கு வருகிற அதே ஜீப், அதே குரல், 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று அதே இழுப்பு. மூன்றாம் கட்டடத்துப் பொருள் எதுவும் வைத்திருப்போர் அதைத் தொடாமல், வீட்டை விட்டு வெளியேறாமல், யாரையும் உள்ளே விடாமல், இந்த எண்ணுக்கு. எட்டு வீட்டுக் கதவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டதைக் கேட்டேன். எண்ணை மனப்பாடம் செய்தேன், கான்வென்ட்டில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி. கூப்பிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஐந்தரை மணிக்கு அக்கா இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. ஆறு மணி பஸ். அரைமணி நேரம் இருந்தது. 'வராதே' என்று ஒரு வார்த்தை. போனைக் கையில் எடுத்தேன், அக்கா பெயரில் விரலை வைத்தேன். நாலு நாளாக மார் கட்டிப்போய்க் கல் மாதிரி வலிக்கிறது, நாலு நாளாக அவள் தலையணையை முகர்ந்துகொண்டு படுக்கிறேன். ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் பெட்டியில் டேப் இல்லையே என்று சொல்லிக்கொண்டேன். போனைக் கீழே வைத்துவிட்டு அவள் ஸ்வெட்டரை மடிக்க ஆரம்பித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் செய்ததைச் சொன்னால் போதாது, செய்யாமல் விட்டதையும் சொல்லணும் என்று சிஸ்டர் இமாகுலேட் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார், செய்யாமல் விட்டது எப்படிப் பாவமாகும் என்று எனக்குப் பத்தாம் வகுப்பு வரை புரிந்ததே இல்லை.

திங்கட்கிழமை தோறும் அந்த சிஸ்டர்தான் எங்களை வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார். புறங்கையை நீட்டணும், கைக்குட்டை நெஞ்சில் குத்தியிருக்கணும். "கிருமி தீயவன் மாதிரி, எமல்டா. தட்டாமல் வரும். ஆனால் கதவைத் திறப்பது நாம்தான்." உயிரியல் வகுப்பில் அமீபா வரையச் சொன்னால் நான்தான் அழகாக வரைவேன், கண்ணும் வாயும் வைத்துவிடுவேன், அடி வாங்குவேன். அப்புறம் கல்லூரி நாட்களில் ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி ஒரு திகில் நாவல் வந்தது, அட்டை கிழிந்தது, கொடிய கிருமி ஒன்றைப் பூமிக்கு அடியில் ஐந்து மாடி ஆழத்தில் பூட்டி வைத்திருப்பார்கள், ஒரு பெண் விஞ்ஞானியின் கையுறை கிழிந்துபோகும், சிவப்பு விளக்கு சுழலும், சங்கு ஊதும், இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். கடைசிக் கதவு மூடுவதற்குள் அவள் ஓடி வந்துவிடுவாளா என்று போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தேன், அவ்வளவு பயம், அவ்வளவு சுகம். இங்கே சிவப்பு விளக்கு எங்கே. சங்கு எங்கே. இட்லிப் பானை இருக்கிறது. இரும்புக் கதவு இல்லை, மழைக்கு உப்பின ஒரு மரக்கதவு இருக்கிறது, அதன் தாழ்ப்பாளை நாங்கள் வந்ததிலிருந்து போட்டதே இல்லை, இவர் ஷிப்ட் முடிந்து எந்நேரம் வந்தாலும் தோளால் ஒரு தள்ளுத் தள்ளித் திறந்துகொள்வார். அக்காவும் அப்படித்தான். தட்டவே மாட்டாள். கிறீச். இரு, இரு, கேட்கிறது. அக்காவுக்குப் போன் போடுகிறேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே. பஸ் மலைப்பாதையில் ஏறுகிறது, அங்கே சிக்னல் கிடையாது, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு முடிகிற வரைக்கும் கிடையாது. மறுபடி போடுகிறேன். எல்லைக்கு வெளியே. ஏழாவது வளைவில் மெரின் வாந்தி எடுப்பாள், துண்டு வைத்திருக்கிறாளோ என்னவோ. மறுபடி. எல்லைக்கு வெளியே. எவ்வளவு நல்ல வார்த்தை அது, எல்லைக்கு வெளியே, அங்கேயே இரு கண்ணே, அங்கேயே இரு.

ஒரு தடவை பிள்ளையைத் தூக்கினால் என்ன. வாயை மூடிக்கொண்டு, துப்பட்டா கட்டிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு. பெட்டியை மட்டும் பின்பக்கம் சரிவில் தூக்கிப் போட்டுவிட்டு, தரையை டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டு. யாருக்குத் தெரியும். ஒரு பெட்டி குறைகிறது, குறையட்டும். இவர் வேலை தப்பும். நான் இவரிடம் சொன்ன பொய்யும் தப்பும். நினைக்கும்போதே கை குனிந்து மூடியைத் தொடப் போகிறது, பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறேன், என் கை என்னைக் கேட்காமல் போகிறது. சரிவில் போட்டால் காலையில் தேயிலைக்குப் போகிற பெண்கள் எடுப்பார்கள். நல்ல பெட்டி என்று எடுப்பார்கள். எந்த வீட்டிலும் மாவு பொங்கணுமே. ஜீப்பில் சொன்ன எண் நாக்கு நுனியில் நிற்கிறது, கசப்போடு சேர்ந்து. அழுத்துகிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள், அவ்வளவு சீக்கிரம் எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை, வைத்துவிடலாமா. "சொல்லுங்கம்மா" என்று ஒரு வயசான குரல், தூக்கம் இல்லாத குரல். சொன்னேன். பெயர், வரிசை, வீட்டு எண். பெட்டி. டேப் இல்லை. கறை. எனக்கே என் குரல் யாரோ பத்தாம் வகுப்புப் பெண் ஒப்பிக்கிற மாதிரி கேட்கிறது. அந்தப் பக்கம் பேனா சத்தம் நின்றது. "பெட்டி இப்ப எங்கம்மா இருக்கு?" "சமையல்கட்டுல. மாவு வெச்சிருக்கேன்." "என்ன வெச்சிருக்கீங்க?" "இட்லி மாவு சார்." திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "சாப்பிட்டீங்களா?" "உப்புப் பாத்தேன்." "சரிம்மா. பதட்டப்படாதீங்க. உள்ளே எத்தனை பேர்?" "நான் ஒருத்திதான்." "கொழந்தை இருக்குன்னு குவார்ட்டர்ஸ் லிஸ்ட்ல போட்டிருக்கு." "இங்க இல்ல சார். ஞாயித்துக்கிழமையே அக்கா வீட்டுக்குப் போயிட்டா. பெட்டி வர்றதுக்கு முந்தியே." "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி ஒரு மணி நேரத்துல வரும், வீட்டுக்குள்ள யார் யார் இருக்காங்களோ அத்தனை பேரையும் ஏத்திருவாங்க. வாசப்படி தாண்டி உள்ள வந்தவங்க எல்லாருமே கணக்கு. உள்ளே எத்தனை பேர்?" "ஒருத்தி" என்றேன். எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பொய் இல்லை. இனிமேல் அது பொய்யாகிவிடாமல் நான் பார்த்துக்கொள்ளணும்.

ஏழு நாற்பது. துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். தாழ்ப்பாள் நகரவில்லை. போன வருஷம் பச்சை பெயிண்ட் அடித்தபோது தாழ்ப்பாளையும் சேர்த்து அடித்துவிட்டார்கள், இவர் பார்த்துவிட்டு, "விடு, நம்ம வீட்ல எடுத்துட்டுப் போக என்ன இருக்கு" என்றார். நகத்தால் பெயிண்டைச் சுரண்டுகிறேன். அதே நகம். கத்தி நுனியால் சுரண்டுகிறேன், பச்சைச் செதில் உதிர்கிறது, கொஞ்சம் ஆடுகிறது, நகரவில்லை. கீழே பஸ் ஹாரன். கடைசி வளைவில் ரெண்டு தடவை அடிப்பான். மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் திருப்பி நிறுத்தி, பத்து நிமிஷத்தில் மறுபடி கீழே இறங்குவான், இன்றைக்கு அதுதான் கடைசி. கெபியிலிருந்து எண்பத்திரண்டு படி. போன் போடுகிறேன், மணி போகிறது, மணி போகிறது, பைக்குள் எங்கேயோ துணிக்கு அடியில் அடிக்கிறது, அக்கா எடுக்கமாட்டாள், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை. எண்பத்திரண்டு படியில் முப்பதாவது படியில் ஒரு தெருவிளக்கு, அங்கே மூச்சு வாங்க நிற்பாள். இப்போது நிற்பாள். வெளியே போய்க் கத்தலாமா, போகக்கூடாது, ஜன்னலைத் திறந்து, திறக்கக்கூடாது. தாழ்ப்பாளை உள்ளங்கையால் அடிக்கிறேன். வலிக்கிறது, நல்ல வேளை வலிக்கிறது, வலி வேறு எதையும் நினைக்கவிடாது. அப்புறம் பனிக்குள்ளேயிருந்து சின்னதாக, ரொம்பச் சின்னதாக, "ம்ம்மா." அவளுக்கு இந்தப் படி தெரியும். இந்த வாசல் வாசனை தெரியும். கேட்டதும் மார் ரெண்டும் சுரீர் என்று இழுத்து, நைட்டி முன்பக்கம் சூடாக நனைகிறது, வேப்பிலைப் பச்சையோடு சேர்ந்து. நாலு நாளில் அவள் மறந்தாளோ என்னவோ, இது மறக்கவில்லை.

"எம்மு, வெந்நி போட்டு வெச்சியா? உம்மவ பஸ் பூரா ஒரே கச்சேரி, கண்டக்டர் ரெண்டு பேரையும் எறக்கி விட்டுருவேன்னுட்டான்." அக்காவின் தோள் கதவில் விழுகிறது. கதவு நாலு விரல் திறக்கிறது, நான் முதுகைக் கொடுத்துத் தள்ளி நிற்கிறேன். "அக்கா, உள்ள வராத." "ஏன், குளிக்கிறியா?" "வராத. அதே பஸ்ல திரும்பிப் போயிரு. அவளத் தூக்கிட்டுப் போ." "அடியே, வெளையாடாத, கை ஒடியுது எனக்கு." பையைத் தரையில் வைக்கிற சத்தம், அப்புறம் பிள்ளையை இறக்கி விடுகிற சத்தம், அந்த ஷூவில் ஒரு விசில் இருக்கிறது, கீக் கீக் என்று ரெண்டு அடி. "நாலு நாள் புள்ள இல்லாமத் தூங்கி ருசி கண்டுட்டியோ? பெத்தது நீயா நானா? தள்ளுடி." "அக்கா, தள்ளாத. மாதா மேல ஆணையா தள்ளாத." முழங்கால் உயரத்தில் கதவிடுக்கில் நாலு விரல். குட்டி விரல்கள், நகத்தில் பிஸ்கட் தூள். என்னைத் தேடி மடங்கி மடங்கி விரிகின்றன. ஒரு சாண் தூரம். முத்தமிட்டால் கூடக் குனிந்தால் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறேன், முதுகால் கதவை அழுத்தவும் முடியவில்லை, அழுத்தினால் விரல் நசுங்கும், விட்டால் அவள் உள்ளே வந்துவிடுவாள், வாசப்படி தாண்டினால் கணக்கு. "அக்கா, கேளு. சூசையண்ணன் செத்துட்டாரு. நோய். அவரு தொட்ட பெட்டி என் வீட்டுல இருக்கு. நான் அதுல மாவு வெச்சேன். வாயில வெச்சுட்டேன்." கதவைத் தள்ளிக்கொண்டிருந்த தோள் விலகுகிறது. "என்னடி சொல்ற?" இப்போது அது அக்கா குரலே இல்லை. "போன் பண்ணிச் சொல்லிட்டேன். எனக்கு வண்டி வருது. உள்ள யாரிருந்தாலும் ஏத்திருவாங்க. ஒருத்தின்னு சொல்லியிருக்கேன் அக்கா." "காச்சல் இருக்கா உனக்கு? எம்மு, என் மொகத்தப் பாரு." "தெரியல. பாக்கமாட்டேன். பஸ் எடுத்துருவான். விரலு அக்கா, இடுக்குல அவ விரலு இருக்கு, அத எடு, என்னால கதவச் சாத்த முடியல." அக்கா அழுகிறாளா மூக்கை உறிஞ்சுகிறாளா. "பாலு கேட்டா நான் என்னடி குடுப்பேன் ராத்திரிக்கு?" "இட்லி குடு. வெந்நில நனைச்சு, நல்லா மசிச்சு. மாவு உங்க வீட்டு மாவு." "ம்." "நாய்க்குட்டியக் காட்டு." "ம். வா தங்கம், வா, அம்மா சாமி கும்புடுறா, வா." விரல்கள் போகவில்லை. ஒன்று ஒன்றாகத்தான் போகின்றன, அக்கா பிரித்து எடுக்கிறாள், கடைசி விரல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அப்புறம் அதுவும் போகிறது. கதவு என் முதுகோடு வந்து நிலையில் பொருந்துகிறது. "ம்ம்மா!" இப்போது அது கூப்பிடுவது இல்லை, கத்துவது. கீக் என்று ஒரு ஷூ சத்தம், அப்புறம் அதுவும் இல்லை, தூக்கிக்கொண்டுவிட்டாள். ஓடு அக்கா, ஓடு, எண்பத்திரண்டு படி, பார்த்து, படி வழுக்கும். நான் இந்தக் கதவைத் திறந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும், ஐந்தரை மணிக்கு என்னைப் பார்த்தேனே. அழுகை முப்பதாவது படிக்குப் போய்விட்டது, விளக்கடியில். துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டு, அம்மிக்குழவியைத் தூக்கி வந்து, தாழ்ப்பாளின் குமிழில் ஓங்கி அடிக்கிறேன். பச்சை பெயிண்ட் தெறிக்கிறது. இன்னொரு அடி. சமையலறையில் மூடி கிறீச் என்கிறது. கீழே பஸ் ஹாரன், ரெண்டு தடவை. இன்னொரு அடி, தாழ்ப்பாள் சரக்கென்று ஓடிப்போய் நிலைக்குள் விழுந்தது.